ஒரே ஒரு பாப்கார்ன்

கேளிக்கைப் பூங்காவின் வேப்பமரத்தில் செவலை என்ற குரங்கு தன் பெண்டாட்டி மஞ்சியோடு குடியிருந்தது. தின்பண்டம் பிடுங்குவதில் அது பலே கில்லாடி. பறிகொடுத்தவர்களும் சிரித்துக்கொண்டே இன்னொன்று வாங்கிக்கொள்வார்கள்.

அன்றைக்கு ஒரு பெண்ணின் கையிலிருந்த பாப்கார்னைப் பறித்துக்கொண்டு செவலை மரமேறியது. கீழே யாரும் சிரிக்கவில்லை. அவளுடைய சின்ன மகள் அழுதாள். கணவன் கடைக்குப் போய் விலையைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினான்.

"ஏன் இன்னொண்ணு வாங்கல?" என்றது செவலை.

"விலை ஏறிக்கிட்டே போகுது. இப்பல்லாம் குடும்பத்துக்கே ஒண்ணுதான் வாங்குறாங்க. நீ பாக்கலியா?" என்றது மஞ்சி.

செவலை மெல்லுவதை நிறுத்தியது. மெல்லக் கீழிறங்கி, மிச்சத்தை அவர்கள் முன்னால் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றது. சிறுமி ஆசையாகக் கை நீட்டினாள்.

"தொடாத கண்ணு, குரங்கு வாய் வச்சது" என்று அம்மா அவளை இழுத்துக்கொண்டு போனாள்.

"அவங்கதான் விட்டுட்டுப் போயிட்டாங்களே, எடுத்துட்டு வா, தின்னலாம்" என்று மஞ்சி கூப்பிட்டது.

செவலை மரத்துக்குப் பின்னால் போய், முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தது.