கீறல் விழுந்த கல்யாணம்

"விழுப்புரத்துல மூணு கடை ஏறி எறங்கிட்டேன் தம்பி. அதான் திண்டிவனம் வந்தேன்" என்று பாண்டுரங்கன் தன் கல்யாண டிவிடியை நீட்டினார். அடிப்பக்கம் முழுக்கக் கீறல்.

கம்ப்யூட்டர் கடை மணிமாறனுக்கு ரோஷம் வந்தது. "குடுங்கணா, நான் பார்க்கறேன்."

கறுப்புத் திரையில் ஒரு கட்டளையைத் தட்டினான். "படிக்க முடியாத எடத்தை இது திரும்பத் திரும்பப் படிக்கும். லேசுல விடாது."

பாண்டுரங்கன் நகத்தைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

இரண்டு மணி நேரம் கழித்து மணிமாறன் நிமிர்ந்தான். "முழுசா காப்பி ஆயிடுச்சிணா. நீங்க மேடையில மைக்கைப் புடிச்சிக்கினு பேசறதுகூட தெளிவா கேக்குது."

பாண்டுரங்கன் தலையில் கை வைத்துக்கொண்டார். "அந்த மூணு கடையிலயும் இதையேதான்பா சொன்னாங்க. முடியாதுன்னு சொல்ற கடையைத்தான் தேடிக்கினு அலையறேன்."

"ஏன்ணா?"

"அந்த மைக்குலதான், ஆயுசுக்கும் வீட்டுப் பாத்திரத்தை நானே தேய்க்கிறேன்னு சொல்லித் தொலைச்சேன். என் வீட்டுக்காரி அதைப் போட்டுக் காட்டணும்னு நிக்கறா. டிஸ்க்கு போச்சுன்னு கடைக்காரரே சொன்னாத்தான் நம்புவா."

"அப்போ இந்தக் கீறல்?"

"கம்பி நாரு வெச்சு நான்தான் தேய்ச்சேன்."

மணிமாறன் டிஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பாத்திரத்தையும் இப்படித்தான் தேய்க்கறீங்களாணா? எதுவுமே போவலையே."