பேரீச்சை மரத்துப் பொந்து

மத்தியதரைக் கடலோரம் ஒரு நகரத்தில், அரசர் காலத்துத் தாவரத் தோட்டம் ஒன்றில், வயதான பேரீச்சை மரம் ஒன்று நின்றது. பார்க்க வருகிறவர்கள் அதன் பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். உள்ளே வண்டு குடைந்துவிட்டதால் அதை வெட்டுவதென்று முடிவாகி, சிவப்புக் குறியும் போட்டாகிவிட்டது.

அப்போதுதான் ஒரு பச்சைக்கிளி வந்தது. "உங்கள் பொந்தில் நான் முட்டையிடலாமா?" என்று கேட்டது.

இதுவரை யாரும் தன்னிடம் எதுவும் கேட்டதில்லை. சரியென்று சொல்லிவிட மரத்துக்கு ஆசையாக இருந்தது. ஆனாலும், "வேண்டாம்மா, என்னை வெட்டப்போகிறார்கள்," என்றது.

பக்கத்து அத்திமரத்தோடு அதற்குப் பல வருஷமாகப் பேச்சில்லை. வேர் விடுவதில் வந்த தகராறு. இப்போது பேரீச்சை வெட்கத்தை விட்டு அத்தியைக் கூப்பிட்டது. "இவளுக்கு ஓர் இடம் கொடு."

 "வரச்சொல்லுங்கள்," என்றது அத்தி.

ஆட்கள் மிஷின் ரம்பத்தோடு வந்த காலையில் அத்தி தானாகவே கூப்பிட்டது. "அக்கா, குஞ்சு பொரித்துவிட்டது. சத்தம் கேட்கிறதா?"

ரம்பத்தின் இரைச்சலில் பேரீச்சைக்கு வேறெதுவும் காதில் விழவில்லை.

"கேட்கிறது," என்றது.