இன்னும் ரெண்டு மார்க்

"இருபத்தெட்டு குடுத்தாரு. வேண்டாம்னு சொல்லிட்டேன்," என்றாள் இலாரியா, தேர்வு அறையிலிருந்து வெளியே வந்ததும்.

வெளியே காத்திருந்த தொமாசோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மறுபடியுமா? முப்பதுக்கு இருபத்தெட்டு பத்தாதாடி உனக்கு? நான் பதினெட்டுல பாஸாகி, வகுப்புக்கே காப்பி வாங்கிக் குடுத்தவன்!"

"உனக்கு அது போதும். எனக்கு முப்பது வேணும்."

அவர்கள் படிக்கும் மிலான் பல்கலைக்கழகத்தில், வாய்மொழித் தேர்வில் போட்ட மார்க் பிடிக்காவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு மறுபடி தேர்வுக்கு வரலாம். சர்வதேச நிதிதான் அவளுக்குக் கடைசிப் பாடம். அதில் மூன்றாவது தடவையாக வேண்டாம் என்றிருக்கிறாள்.

"லக்சம்பர்க் பேங்க்ல ரெண்டு பேருக்கும் வேலை ரெடி. வீடு பாத்தாச்சு. எங்கம்மா கல்யாணத்துக்கு மண்டபமே பேசிட்டாங்க. டிகிரி இல்லாம உன்னை யாருடி சேத்துப்பாங்க?"

"அடுத்த தடவை பாத்துக்கலாம், தொமா. கத்தாதே."

அவள் பையை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டாள். அவன் விறுவிறுவென்று அறைக்குள் போனான். பேராசிரியர் விஸ்கார்தி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சார், இலாரியாவுக்கு அந்த ரெண்டு மார்க்கையும் போட்டா உங்களுக்கு என்ன சார் குறைஞ்சிடும்? உங்களால எங்க கல்யாணமே தள்ளிப்போகுது!"

அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்த ரெண்டு மார்க்? மூணு தடவையும் முப்பதுக்கு முப்பதுதான் போட்டேன். பாஸாயிட்டா கல்யாணம் பண்ணிக்கணும் சார், தயவுசெஞ்சு போடாதீங்கன்னு அவதான் கெஞ்சினா."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேட்டார்:

"மாப்பிள்ளை நீங்கதானா?"