நுவரெலியாச் சுகம்

“என்னடி சீதேவி, இந்த வெக்கைக்குள்ளை சுவெற்றரோடை வந்து நிக்கிறாய்?”

“நேற்று அங்கை வெளிக்கிடேக்கை போட்டது, பத்மாக்கா. கழட்ட மறந்து போனன். குளிர் அப்பிடிப் பழகிப்போச்சு.”

பத்மாசனிக்கு அந்த நிமிடமே வயிறு எரியத் தொடங்கிவிட்டது. சீதேவி அவளுடைய சித்தியின் மகள். சீதேவியின் கணவன் தங்கத்துரை மலைநாட்டில், நுவரெலியாத் தபால் கந்தோரில் கிளாக்கர். பத்மாசனியின் கணவன் சிவகுருவும் அதே கிளாக்கர்தான், ஆனால் திருகோணமலையில். ஒரே உத்தியோகம், ஒரே சம்பளம். ஒருத்திக்குக் குளிர், மற்றவளுக்கு வியர்வை என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

உலக யுத்தம் தொடங்கி ஐந்தாவது வருஷம். குண்டுப் பயம் குறைந்து கப்பற்படை பெருகியிருந்தது. துறைமுகத்துக்குப் போகும் லொறிகள் கிளப்பிய புழுதி வீட்டுக்குள்ளேயே வந்து படிந்தது. தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று வேறு தணலாக வீசியது. கிணற்றில் கலங்கல்தான் மிச்சம்.

“அங்கை பொழுது எப்பிடிப் போகுது?” என்று கேட்டாள் பத்மாசனி. கேட்காமல் இருந்திருக்கலாம். ஆனால் புண்ணைச் சொறிகிற கை சும்மா இருக்குமா?

“பின்னேரத்திலை ஏரிக்கரையாலை நடப்பம், அக்கா. ஞாயிற்றுக்கிழமையிலை இவர் வள்ளத்திலை ஏத்தி ஒரு சுத்துச் சுத்திக் காட்டுவார். வெள்ளைக்காரர் குதிரை ஓட்டுறதை வேலியடியிலை நிண்டு பாப்பம். எவ்வளவு நடந்தாலும் ஒரு சொட்டு வேர்க்காது.”

“மழை இல்லையோ?”

“கச்சான் காலத்திலை எந்த ஊரிலை அக்கா மழை?”

அதுவும் சரிதான். மழை என்பது கார்த்திகை, மார்கழியில் வருவது. பத்மாசனி பிறந்ததிலிருந்து கண்டது அதைத்தான்.

“பவளம் எங்கை? பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரேல்லையே?”

“வரமாட்டன் எண்டிட்டாள், அக்கா. மாமியோடை நிக்கிறாள். ஓடி விளையாடி ரெண்டு கன்னமும் சிவந்துபோய்க் கிடக்கு. இந்த வெயிலுக்குள்ளை அவளை இழுத்துக்கொண்டு வரச் சொல்லுறியளே?”

பத்மாசனி எழுந்து குசினிக்குள் போய்விட்டாள். அடுப்படியில் நின்று வியர்வையைத் துடைக்கத் துடைக்க ஆத்திரம் கூடியது. மத்தியானம் சீதேவி பாரைமீன் குழம்பை மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டாள். சுகமாக வாழ்கிறவளுக்குப் பசியும் நன்றாகத்தான் எடுக்கிறது என்று அதிலும் ஓர் எரிச்சல்.

சாப்பாடு முடிந்து, சீதேவியோடு வந்திருந்த தங்கத்துரை உட்பட எல்லோரும் விறாந்தைக்கு வந்ததும் பத்மாசனி கணவனிடம் திரும்பினாள்.

“இஞ்சருங்கோ, ஆளுக்கு ஆள் ஊர் மாறுறதெண்டால் மேலிடத்திலை விடுவினமோ?”

“ரெண்டு பேரும் சம்மதிச்சு எழுதிக் குடுத்தால் விடுவினம். கந்தோர் தந்த வீடும் மாறும்” என்றார் சிவகுரு. “ஆனால் அந்த ஊரை விட்டிட்டு இஞ்சை ஆர் வருவினம்?”

“இவை வருவினம்.”

சீதேவி துள்ளி எழுந்தாள். “ஐயோ அக்கா, அதை மட்டும் கேக்காதேங்கோ! வேறை என்னெண்டாலும் தாறன்.”

“ஏன் கேக்கக் கூடாது? உன்ரை மனுசனுக்கு இந்த உத்தியோகத்தை ஆர் எடுத்துக் குடுத்தது? என்ரை அப்பா! நீ ஏரிக்கரையிலை உலாத்துவாய், நான் இஞ்சை கிடந்து அவியவேணுமோ?”

“அத்தான், நீங்களாவது சொல்லுங்கோ.”

சிவகுரு மனைவியின் முகத்தைப் பார்த்தார். பிறகு வேலிப்பக்கம் பார்த்தார். குடும்பம் நடத்தத் தெரிந்த மனிதர்.

“விடு, சீதேவி” என்றான் தங்கத்துரை தாழ்ந்த குரலில். “அக்கா ஆசைப்பட்டுக் கேக்கிறா. அவவின்ரை அப்பா செய்த உதவிக்கு ஏலாதெண்டு சொல்லலாமே?”

மனு எழுதி இரண்டு கணவன்மாரும் கையெழுத்து வைத்தபோது சீதேவி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். தோள்கள் குலுங்கக் குலுங்க அழுதாள். அன்று முழுவதும் எரிந்துகொண்டிருந்த பத்மாசனியின் வயிறு அப்போதுதான் குளிர்ந்தது. “அழாதை, பழகிப்போகும்” என்று தங்கையின் முதுகைத் தடவிக்கூடக் கொடுத்தாள்.

மறுநாள் காலை ரயில் திருகோணமலையை விட்டு நகர்ந்த பிறகுதான் தங்கத்துரை பேசினான்.

“என்ன இருந்தாலும் உண்மையைச் சொல்லிக் கேட்டிருக்கலாம். இந்தக் கச்சானுக்கு அங்கை அடைமழை. உடுப்புக் காய்ஞ்சு ஒரு மாதமாகுது. பதிலுக்கு ஆள் வந்தால்தான் விடுவம் எண்டு என்ரை இடமாற்ற மனுவைத் திருப்பித் திருப்பி அனுப்பினாங்கள் எண்டும் சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருந்தால் பத்மாக்கா மாறுவாவோ? எனக்கு ஒரு நல்லது நடக்குமெண்டால் அவ அசையவே மாட்டா. என்னட்டை ஒரு நல்லது இருக்கெண்டால் அதைப் பறிக்காமலும் விடமாட்டா.” சீதேவி வீங்கியிருந்த கண்களைத் துடைத்துக்கொண்டாள். “போனவுடனை நேரை ஆசுப்பத்திரிக்குப் போவம். அந்த ஈரத்துக்குள்ளை இன்னும் வைச்சிருந்தால் பவளம் இந்தக் காய்ச்சலிலை தப்பமாட்டாள் எண்டு சொன்ன டொக்டரிட்டைச் சொல்லுவம், பிள்ளைக்குத் திருகோணமலை வெயில் கிடைச்சிட்டுதெண்டு.”