அத்தைக்கு என்ன கோபம்?

"ஐயோ, பெட்டி காலியா இருக்குங்க! மூடி ஒரு பக்கமா நகர்ந்து கிடக்கு!"

அவள் போனில் பதறினாள். மறுமுனையில் கணவன். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவன்.

"நல்லாப் பாரு. மண்ணுக்குள்ள பதுங்கியிருக்கும்."

"கரண்டிக் காம்பால கிளறியே பார்த்துட்டேன். இல்லை. காலையில இரை போட்டுட்டு மூடியைச் சரியா மூடாம போனது யாரு?"

அவன் ஆசையாக வளர்க்கும் டாரன்டுலா சிலந்தி அது. உள்ளங்கை அகலம், உடம்பெல்லாம் ரோமம். 'இளவரசி' என்று பெயர் வேறு. கல்யாணமாகி வந்ததிலிருந்து அதன் பெட்டி இருக்கும் அறைப் பக்கமே அவள் போனதில்லை. பூனை உள்ளே நுழைந்துவிட்டதே என்று விரட்டப் போனபோதுதான் பார்த்தாள்.

"பதறாதே. கடிச்சாலும் தேனீ கொட்டின மாதிரிதான். ஆனா பூனை அது மேல பாய்ஞ்சா, சிலந்தி மிரண்டு ரோமத்தை உதறும். கண்ணுல பட்டா ஆபத்து. முதல்ல பூனையைப் பிடிச்சு அடை. நான் இப்பவே கிளம்பறேன்."

"நீங்க வர்றதுக்குள்ள அது என் கண்ணுல பட்டா அங்கேயே விழுந்துருவேன். நிறைமாசம்... டாக்டரம்மா அதிர்ச்சியே கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"மெதுவாப் பேசு. அம்மா காதுல விழுந்துடப் போகுது. வீட்டுல இப்படி ஒண்ணு இருக்கறதே அவங்களுக்குத் தெரியாது."

அவள் கூடத்தை எட்டிப் பார்த்தாள். பிரசவத்துக்குத் துணையாக வந்திருந்த மாமியார், சளி பிடித்ததால் சால்வையைப் போர்த்திக்கொண்டு ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை.

அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பூனையையும் சிலந்தியையும் தேட ஆரம்பித்தாள். செருப்பு ஸ்டாண்டை எட்ட நின்று தட்டினாள். துவைக்கப் போட்டிருந்த துணிகளைத் துடைப்பக் காம்பால் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். ஒரு கறுப்புக் காலுறை நழுவிக் காலில் விழ, மூச்சே நின்றுபோனது. கட்டிலுக்கடியில் குனிய முடியாமல் குனிந்து கையை விட்டபோது, விரலில் மெத்தென்று ரோமம் பட்டது.

"அம்மா!"

உள்ளேயிருந்து வீட்டு நாய் ஊளையிட்டபடி வெளியே ஓடி, குளியலறைக்குள் போய் ஒளிந்துகொண்டது. பெயருக்குத்தான் நாய். கரப்பான் பூச்சியைக் கண்டாலே அதற்குக் குலை நடுங்கும்.

அவ்வளவு சத்தத்துக்கும் மாமியார் திரும்பிப் பார்க்கவில்லை.

அதுதான் அவளுக்கு உறைத்தது. வாய் ஓயாமல் பேசுகிறவர். அவள் லேசாகத் தும்மினாலே, "என்னம்மா, என்ன கண்ணு?" என்று ஓடி வருகிறவர். இப்போது கம்பத்தை விழுங்கியவர் மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருக்கிறார்.

"அத்தை, டீ போட்டுத் தரட்டுமா?"

"வேண்டாம்."

முகத்தைக்கூடத் திருப்பவில்லை. நெற்றியில் முத்து முத்தாக வியர்வை.

"இப்படி வேர்க்குதே. ஃபேன் போடட்டுமா?"

"வேண்டாம்னு சொல்றேன்ல!"

பல்லைக் கடித்துக்கொண்டு வந்த குரல். எல்லாம் காதில் விழுந்துவிட்டதோ? வீட்டில் ஒன்றை வைத்துக்கொண்டு மறைத்துவிட்டோமே என்று கோபமோ?

அப்போதுதான் பூனையைக் கவனித்தாள். வீட்டில் எல்லா அறைகளையும் சுற்றிச் சுற்றிப் பார்ப்பதால் அதற்கு 'மேனேஜர்' என்று பெயர். மேனேஜர் நாற்காலிக்கு எதிரே பதுங்கி உட்கார்ந்து, மாமியாரையே இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது.

கோபத்தைத் தணிக்கலாம் என்று அவள் வலியச் சிரித்தாள். "பாருங்க அத்தை, வந்து ஒரு வாரத்துல உங்ககிட்ட எப்படி ஒட்டிக்கிச்சு!"

"அதைத் தூக்கு."

"என்ன அத்தை?"

"பூனையைத் தூக்கு. தூக்கிட்டு வெளியே போ."

"வெளியேவா?"

"வீட்டை விட்டுப் போ. கீழே போய் நில்லு. அவன் வர்ற வரைக்கும் உள்ளே காலை வைக்காதே. போன்னா போ!"

ஒரு நாளும் அதிர்ந்து பேசாத அத்தை. பூனையை வாரி எடுத்துக்கொண்டாள். அது திமிறிக் கையைப் பிறாண்டியது. வலிகூடத் தெரியாமல் மாடிப்படியின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கி, கடைசிப் படியில் உட்கார்ந்து விம்மினாள். சிலந்தி பயம் போய் இப்போது வேறு பயம் பிடித்துக்கொண்டது. இனி இந்த மனுஷி முகத்தில் எப்படி விழிப்பது?

கணவன் ஓடி வந்தபோது அவளால் கோர்வையாகச் சொல்லக்கூட முடியவில்லை. "உங்கம்மா... என்னை வெளியே போன்னு..."

அவனுக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினான்.

"என்னம்மா இது? தப்பு பண்ணினது நான். என்னைத் திட்ட வேண்டியதுதானே? நிறைமாசப் பொண்ணை இப்படியா படியில உக்கார வைப்பே?"

அம்மா தலையைத் திருப்பவில்லை. "கத்தாதே. அவ உன் பின்னாடியே வரலையே?"

"வரலை. கீழே அழுதுகிட்டிருக்கா."

"அழட்டும். கதவைச் சாத்து."

"அம்மா..."

"சாத்துடா!"

சாத்தினான். அம்மாவின் உதடுகள் மட்டும் லேசாக அசைந்தன.

"இப்போ என் பின்னாடி வந்து இந்தச் சால்வையை மெதுவா விலக்கு. அவ உன்கிட்ட போன்ல பேசிக்கிட்டிருந்தப்பவே உன் சிலந்தி என் கழுத்துல ஏறி உக்காந்துடுச்சு. பார்த்திருந்தா, புள்ளைத்தாச்சிப் பொண்ணு தாங்குவாளாடா?"