மை போடாத மீசை

பத்திரிகை ஆசிரியர் தன் கையாலேயே டீ கொண்டுவந்து வைக்கும்போதே ஏதோ வில்லங்கம் என்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. இந்தப் படக்கதையை எழுதியவளும் அவள்தான், பென்சில் கோட்டின்மேல் மை போடுபவளும் அவள்தான். கடைசி அத்தியாயத்தின் கடைசிக் கட்டத்தில், ஊரைக் காத்த பறக்கும் வீரரின் முகமூடி கழன்று, உள்ளே சலவைக்கடைப் பெண் சிரிக்க வேண்டும். ஜன்னல் வெயிலில் ரப்பர்த் தூள் இன்னும் ஊதப்படாமல் கிடக்கிறது. அவள் வரைந்திருந்த சிரிப்பை அழித்த இடத்தில் பென்சில் மீசை.

“இது யாரு சார்?”

“ஹீரோம்மா. பொண்ணுன்னா எவன் வாங்குவான்?”

“இவ்ளோ நாளா வாங்குனாங்களே?”

“அவங்களுக்குத் தெரியாதேம்மா!” அவர் குரலில் தேன் ஒழுகுகிறது. “படிச்ச பொண்ணு, புரிஞ்சுக்குவே.”

வீட்டிலேயே முதலில் பட்டம் வாங்கியவள் இந்தத் தேனை நிறையக் குடித்திருக்கிறாள். பென்சில் அச்சில் விழாது, எப்போது வேண்டுமானாலும் அழிக்கலாம். மை போட்டால் போட்டதுதான். வாசலில் அச்சகத்து வண்டி ஹாரன் அடிக்கிறது. “இதோ வருதுப்பா!” என்று அவர் ஜன்னல் பக்கம் திரும்புகிறார், ஆனால் ஜன்னல் கண்ணாடியில் தெரியும் அவர் கண்கள் அவள் கையைவிட்டு நகரவில்லை. பார்க்கட்டும். அவள் தூரிகையைத் தோய்த்து, மீசையைப் பென்சிலாகவே விட்டுவிட்டு, சலவைக்கடைப் பெண்ணின் சிரிப்பை ஒரே இழுப்பில் இழுக்கிறாள்.