கும்பிட்ட கை

பைபாஸில் சைரன் கேட்டதும் கந்தம்மாள் தோசைக் கரண்டியை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். சேலத்துப் பக்கம் பறந்த ஆம்புலன்ஸைப் பார்த்துக் கை கூப்பினாள், கண்ணை மூடி என்னவோ முணுமுணுத்தாள். அப்புறம் இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்து, சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே உள்ளே வந்தாள்.

அதற்குள் தோசை கருகிவிட்டது. அவள் புருஷன் சென்னிமலை கோபித்துக்கொள்ளவில்லை.

"ஆசுபத்திரிக்கு நடந்ததுல இருந்து உங்கம்மாளுக்கு மனசு எளகிப் போச்சு கண்ணு. ஆரோ எவரோ, அவுங்களுக்கும் கும்புடறா" என்றார் மகளிடம்.

வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டிருந்த நர்மதா சிரித்தாள். ஒன்பது வயதில் வந்த சர்க்கரை வியாதி. கல்யாண வயதும் வந்துவிட்டது, ஊசி மட்டும் விட்டபாடில்லை. இப்போதெல்லாம் சர்க்கரை சொல்லாமல் கொள்ளாமல் இறங்கிவிடுகிறது. வேலை பார்க்கும் ராசிபுரம் ஜவுளிக் கடையில், சேலையை விரித்துக் காட்டும்போதே நினைவு தப்பி விழுந்தாள்.

கோயம்புத்தூர் டாக்டர்தான் கணையத்தை மாற்றி வைக்கலாம் என்றார். நல்லபடியாக முடிந்தால் ஊசியே வேண்டாம். ஆனால் பெரிய ஆபரேஷன், உயிருக்கும் ஆபத்து உண்டு, ஆயுசுக்கும் மாத்திரை சாப்பிட வேண்டும். மூளைச்சாவு ஆனவரின் வீட்டார் மனமிரங்கிக் கொடுக்க வேண்டும், கொடுத்தாலும் அது இவளுக்குச் சேர வேண்டும். பெயரைப் பதிந்துவிட்டு வந்தார்கள். போன் வந்தால் உடனே கிளம்ப வேண்டும், மனம் மாறினால் வேண்டாம் என்றும் சொல்லிவிடலாம்.

நர்மதா ஒரு முடிவுக்கும் வர முடியாமல் தவித்தாள். ஊசியோடு கிடந்தாலும் பிள்ளை கண் முன்னால் இருப்பாளே என்பது அப்பாவின் கட்சி. அம்மா மட்டும் பிடித்த பிடியை விடவில்லை.

"நாம ஆருக்கும் கெடுதல் நெனச்சதில்ல சாமி. உனக்கு நல்லதுதான் நடக்கும்."

மகளை அவள் சாமி என்றுதான் கூப்பிடுவாள். அப்படிச் சொல்லித் தலையைத் தடவியதில் நர்மதாவின் பயம் பாதி கரைந்துவிட்டது. முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் வேண்டிக்கொள்கிற அம்மா. அந்தப் புண்ணியமாவது தன்னைக் கரை சேர்க்காதா என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில், ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று சொல்லத்தான் அம்மாவைத் தேடி வாசலுக்கு வந்தாள். சாலையில் இன்னொரு ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு வந்தது. அம்மா வழக்கம்போல் கை கூப்பி நின்றாள். உள்ளே இருப்பவர் யாரானாலும் பிழைத்து வீடு திரும்ப வேண்டும் என்று, நர்மதாவும் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று கும்பிட்டாள்.

"சாமி" என்றாள் அம்மா.

தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று நர்மதா பக்கத்தில் போனாள். அம்மா திரும்பவில்லை. மூடிய கண்களிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. உதடுகள் மட்டும் அசைந்தன.

"இவுங்களுதாச்சும் எம்புள்ளைக்குச் சேரோணும், சாமி."